அம்மா எங்கே என்று கேட்காத தெரு

என் மனைவிக்குக் கடல் தாண்டிச் சரவாக்கின் உள்பகுதிப் பள்ளி ஒன்றுக்கு மாற்றல் வந்தபோது எங்கள் மகளுக்கு நான்கு மாதம். அந்தப் பள்ளிக்குப் படகில்தான் போகவேண்டும். பக்கத்தில் கிளினிக் கிடையாது. பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தோம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அவள் கிளம்பும்வரை நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவே இல்லை.

எனக்கு ஈப்போவில் கார் உதிரிபாகக் கிடங்கில் வேலை. அதுவரை பீடோரிலிருந்து தினமும் போய்வந்தேன். கைப்பிள்ளையோடு அது நடக்காது. மாமியார் ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார், அவரிடமும் விடமுடியாது. ஈப்போவிலேயே வீடு தேடினேன்.

முதலில் பார்த்தது நம்மவர்கள் நெருங்கி வாழும் புந்தோங்கில். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார்.

"வீடு பாக்க வந்தீங்களா தம்பி? புள்ளைக்கு எத்தன மாசம்?"

"நாலு முடிஞ்சிருச்சுக்கா."

"அம்மா எங்க?"

"சரவாக்குல டீச்சரா இருக்காங்க."

"ஐயோ, பால் குடிக்கிற புள்ளய விட்டுட்டா போனாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரரும் வந்து அதையே கேட்டார். நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். அங்கே ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் கடைசி வீட்டில் காரணம் கேட்பார்கள். தினமும் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் மனைவிக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

அடுத்துப் பார்த்தது தம்புன் பக்கம் ஒரு புதிய தாமான் குடியிருப்பில். அகலமான ரோடு, பின்னால் சுண்ணாம்பு மலை. வீட்டுக்காரர் ஒரு சீனப் பெரியவர். பிள்ளையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நாய் வளர்க்கிறாயா என்று மட்டும் மலாயில் கேட்டார். இல்லை என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தத் தெருவில் கேட்டுகள் தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கேட்டுகள் தானாக மூடிக்கொள்ளும். மனிதர்களை நான் கார் கண்ணாடிக்குள்தான் பார்த்தேன். வீட்டில் மகளிடம் பேசினேன். "பாப்பா, அப்பா இப்ப பால் கலக்கப் போறேன். பாப்பா, மழ வருது, துணி எடுக்கணும்." அவள் ஃபேனைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு திங்கட்கிழமை காலையில், வேலை நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் தாஸ்காவில் கொண்டுபோய் விட்டபோது, அங்கிருந்த பெண் கேட்டார்: "தொண்ட கட்டியிருக்கா உங்களுக்கு?" கட்டவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு பெரியவர்கள் யாரோடும் நான் பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு காலை ஹாலில் பாயை விரித்துப் போட்டிருந்தேன். மகள் காலைத் தூக்கினாள், ஒருபக்கம் சாய்ந்தாள், சட்டென்று குப்புற விழுந்தாள். ஒரு கை வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது. தலையை நிமிர்த்தி, யாரோ தன்னைப் புரட்டிவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். மனைவிக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மகளை மறுபடி மல்லாத்தினேன், மறுபடி விழுந்தாள். அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அதுவும் போய்ச் சேரவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் யாருமில்லை. எதிர்வீட்டில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். நான் கை காட்டினேன். அவரும் கை காட்டிவிட்டுக் குழாயை மூடி உள்ளே போனார். அப்போதுதான் கேஸ் லாரி வந்தது. நிறுத்தினேன்.

"என்னா தம்பி, கேஸ் முடிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. புள்ள குப்புற விழுந்துருச்சு."

"ஐயோ! அடி பட்டுருச்சா?"

"இல்லண்ணே, பாயில. மொத தடவ, தானா திரும்பிருச்சு."

அவர் சத்தமாகச் சிரித்தார். "அடடே, கொழுக்கட்ட செய்யணும்லா! அம்மா எங்க, செய்யச் சொல்லுங்க."

சொன்னேன். படகு, பள்ளிக்கூடம், கிடைக்காத லைன் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் நிற்கட்டும் என்று, தேவையில்லாமலே ஒரு சிலிண்டர் வாங்கினேன். அவர் அதை உள்ளே கொண்டுவந்து வைத்து, பாப்பாவின் பாதத்தைத் தொட்டுவிட்டு, "வாரேன் தம்பி" என்று போய்விட்டார்.

கொஞ்ச நாளில் புந்தோங்குக்கு மாறினேன். முதலில் பார்த்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டிருந்தது, வேறொரு சந்தில்தான் கிடைத்தது. அங்கேயும் கேட்டார்கள். சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் என் கார் சத்தம் கேட்டதும் அங்கே பக்கத்து வீட்டில் இருந்த அக்கா பிள்ளையை வாங்கிக்கொள்வார், நான் குளிக்கப் போவேன். ஆனால் அவர் பிள்ளையைத் தந்துவிட்டுப் போனபின், கதவைச் சாத்தினால் எல்லாம் பழையபடிதான்.

பள்ளி விடுமுறைக்கு மனைவி வந்தாள். வாசலிலேயே கையை நீட்டினாள். மகள் அவளைப் பார்த்து வீறிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பரவால்ல, மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, மனைவி அடுப்படிக்குப் போய், நான் கழுவி வைத்திருந்த பால் போத்தல்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தேன்.

விடுமுறை முடியப்போகும் சமயத்தில் ஒரு மத்தியானம் மகள் மனைவியின் மடியில் தூங்கிப்போனாள். நான் எடுக்கப்போனேன்.

"தூக்கிறாதீங்க."

"கால் மரத்துப் போயிரும்."

"எப்பவோ போயிருச்சு. இருக்கட்டும்."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈப்போவுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.