ஸ்டேஷன் வேகனில் ஒரு கீச்சு

"என்னங்க, வண்டி கீச்சு கீச்சுன்னு கத்துது. ஒங்களுக்குக் கேக்கல?"

சனிக்கிழமை காலை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மனைவி கேட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் "கேக்குது, கேக்குது" என்றேன். பொம்மசந்திராவில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். ஓடுகிற மெஷின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கேட்கவில்லையா என்றால் கோபம் வருமா வராதா?

மறுநாள் பேத்திக்கு ஞானஸ்நானம். ஆறு மாசக் குழந்தை. பிரசவத்துக்கு எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்திருந்த மகள், கோயிலில் பூசை முடிந்ததும் ஆனேக்கல்லில் இருக்கிற தன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். மருமகன் கப்பலில் இருக்கிறார். நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். தொட்டில், பெட்டி, மூட்டை எல்லாவற்றையும் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கிழட்டு டீசல் ஸ்டேஷன் வேகனை விற்காமல் வைத்திருக்கிறேன். ஓசூர் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, குழந்தையோடு போக வேண்டிய வண்டி. அதில் ஏதோ சத்தம் என்றால் விட முடியுமா?

தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் இடது சக்கரத்தில் 'உர்ர்' என்று ஒரு முனகல். ஆஹா, மாட்டினான் திருடன்! சிவாஜிநகர் போய்ப் புது பேரிங் வாங்கி வந்தேன். சக்கரத்தைக் கழற்றி, பழையதைத் தட்டி எடுத்து, புதியதைப் போட்டு முடிப்பதற்குள் மணி இரண்டு. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. சோறுகூடத் தின்னாமல் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன்.

"போச்சு, பாத்தியா?"

"உர்ருன்னது போச்சுங்க. கீச்சு போகல. நீங்க பிரேக் மிதிக்கறப்பல்லாம் கத்துது."

"ஒனக்கு எதுலதான் திருப்தி? காலைலேர்ந்து ரோட்ல படுத்து உருண்டிருக்கேன்!"

"அதுக்காக நான் பொய் சொல்லணுமா?" அவள் குரலும் ஏறிவிட்டது.

இவளுக்கு நிரூபித்துக் காட்டுகிறேன் என்று, கோயில் வாசல் திருப்பத்தில் வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த சரத்தை அப்படியே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கிவி ஹோய்த்து சார்!" என்று கன்னடத்தில் கத்தினாள். காது போச்சாம். நடந்துபோன இரண்டு பேர் நின்று என் முன்சக்கரத்தையே பார்த்தார்கள்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அம்மா கத்தியது கேட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் உறுமல் கேட்டது. அந்தக் கீச்சு மட்டும் இல்லை. மனைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் பேடில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து முடியப்போகிறது என்றால் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும், ஓட்டுகிறவன் எச்சரிக்கையாகட்டும் என்று. என் வண்டியில் அந்தத் தகடே பாதி தேய்ந்திருந்தது. பேட் நகத்தின் கனம்கூட இல்லை. எத்தனை நாளாகக் கத்தியிருக்கும் பாவி! நாளைக்கு ஒரு லாரி சட்டென்று முன்னால் நின்றுவிட்டால்? பின்சீட்டில் குழந்தை. ஸ்பானரைச் சரியாக நட்டில் பொருத்தவே நாலைந்து தடவை ஆனது.

மறுபடியும் சிவாஜிநகர் ஓடினேன். இரண்டு பக்கமும் புது பேட் மாட்டினேன். வெயில் சாய்கிற நேரத்துக்கு அவளை மறுபடி ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக மிதித்து மிதித்து ஓட்டினேன்.

"இப்ப இல்லங்க" என்றாள்.

அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"எனக்கு மொதல்லயும் கேக்கல. காலைல பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எவ்ளோ நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். குக்கர் விசில் அடிச்சாலும் பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு ஒக்காந்திருப்பீங்க."

சுர்ரென்று ஏறியது எனக்கு. "அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொன்னேங்க" என்றாள். "எத்தனையோ தடவ சொன்னேன்."

அறுபத்திரண்டு வயசில், நடுத்தெருவில், ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் தோளில் கை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாயிற்று. மகள் குழந்தையோடு பின்கதவைத் திறக்கப் போனாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு சாவியை அவளிடம் நீட்டினேன். அவள் பிரசவத்துக்கு முன்னால் தினமும் ஆபீசுக்குக் கார் ஓட்டியவள்தான். ஆனாலும் நான் இருக்கும்போது இந்த வண்டியின் சாவி வேறு யார் கைக்கும் போனதில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"ஏன் டாடி? வண்டில இன்னும் ஏதாச்சும் ப்ராப்ளம் இருக்கா?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். இருக்கட்டும்.

"வண்டி நல்லா இருக்கும்மா" என்றேன். "எனக்குத்தான் காது கேக்கல."