ஹெல்மெட் விழுந்த இடம்

குழி அக்காவின் வேலை குழி தோண்டுவது. ஆளை இறக்கும் குழியென்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம், அவ்வளவுதான். முள்ளும் புதருமாகக் கிடந்த பொட்டலைச் சமன்செய்து அங்கே விமான நிலையம் கட்டுகிறார்கள். ஓடுபாதைக்காக மண்ணை ஓர் அடுக்கு கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலரை எட்டு தடவை ஓட்டி இறுக்குவார்கள். இறுகியதா இல்லையா என்று சொல்வது அக்காவின் பொறுப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தால்தான் அடுத்த அடுக்கு. குறைந்தால் மொத்தத்தையும் கிளறிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கே தோண்டுவது என்பதில்தான் அவளுடைய சாமர்த்தியம். முதல் விமான நிலையத்துக்கு அவள் மண் சுமக்கப் போனவள். ஆய்வுக்கூடத்தில் தராசு துடைத்து, எடைபோடப் பழகி, கணக்கும் பிடிபட்டு இந்த வேலைக்கு வந்தாள். "இங்க தோண்டுங்க" என்று பெரியவர்கள் விரல் நீட்டும் இடத்தில் மட்டும் ரோலர் இருபது தடவை ஓடியிருக்கும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டாள். இது அவளுக்கு மூன்றாவது விமான நிலையம். இப்போதெல்லாம் பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் வீசுவாள். விழுந்த இடத்தில் குழி. சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ரோலர் ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தது வினை.

"தொண்ணூத்திமூணு சார்" என்றாள்.

இளவட்ட இன்ஜினியருக்கு முகம் செத்துவிட்டது. "அக்கா, இந்த முந்நூறு மீட்டரை மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும். கொஞ்சம் பாத்து எழுதுங்களேன்."

"பாத்துத்தான் சார் எழுதியிருக்கேன்."

அவர் ரோலர் பக்கம் திரும்பினார். "அண்ணே, திரும்ப ஓட்டுங்க. வியாழக்கிழமையும் ஃபெயிலாச்சுன்னா நான் ஆளை மாத்திடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

மதியம் தகரக் கொட்டகையில் வீட்டுக்காரர் தட்டை நங்கென்று வைத்தார். "தொண்ணூத்தெட்டுன்னு எழுதியிருந்தா வானமா இடிஞ்சு விழுந்திருக்கும்?"

"வானம் இடியாது. தரைதான் இறங்கும். தண்ணி தெளிச்சாங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "லாரி வரல. நேரமாச்சேன்னு காஞ்ச மண்ணுலயே ஓட்டிட்டேன்."

"அப்ப லாரிக்காரன்கிட்ட போய்க் கத்துங்க. என்கிட்ட எதுக்கு?"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் அவளுக்குப் பயம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அதில் பாதி, அவர் ஒரு சைட்டிலும் அவள் ஒரு சைட்டிலுமாக ஃபோனில் நடத்திய குடித்தனம். ஒரே கூரைக்குக் கீழே ஒரே சைட்டில் வேலை அமைந்தது இந்த ஒரு தடவைதான். ஆளை மாற்றினால் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சாயங்காலம் மாமியார் ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "கட்டினவனுக்கே மார்க் போட்டு ஃபெயிலாக்குறவளை இப்பத்தாண்டி பாக்குறேன்!"

"ஒழுங்கா ஓட்டச் சொல்லுங்க அத்தை, பாஸ் போடுறேன்."

மாமியாரின் குரல் இறங்கியது. "அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான். எதையும் அரைகுறையா விட்டுட்டு எழுந்திருப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அது மகன் காதில் விழுந்ததோ என்னவோ, மறுநாள் விடிந்ததும் தண்ணீர் லாரியை மறித்துக்கொண்டு நின்றார். கிளறிய மண் முழுக்கத் தெளித்து முடிக்கும்வரை லாரியை நகர விடவில்லை. பிறகு ரோலரில் ஏறியவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை.

வியாழக்கிழமை இன்ஜினியர் பாதையின் நட்டநடுவில் போய் நின்றுகொண்டார். "அக்கா, இன்னைக்கு மட்டும் இங்க தோண்டிடுங்க. உங்க குடும்பத்து நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மனுஷன் கெட்டவரில்லை; நிஜமாகவே நல்லதுக்குத்தான் சொன்னார். நடுவில் தோண்டினால் தேறிவிடும் என்று அவளுக்கும் தெரியும். ரோலர் மேலே பார்த்தாள். வீட்டுக்காரர் நேராக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, பலம்கொண்ட மட்டும் வீசினாள்.

அது குதித்து, உருண்டு, பாதையின் விளிம்போரம் போய் நின்றது. ரோலர்காரர்கள் எப்போதும் அவசரமாக ஒதுக்கிவிட்டுப் போகும் இடம். ஆனாலும் அவள் அங்கேயே உட்கார்ந்து உளியை இறக்கினாள். துளி சிந்தாமல் மண்ணை அள்ளி எடைபோட்டாள். அடுப்பில் வைத்து ஈரம் போக வறுத்து மறுபடி எடைபோட்டாள். குழியின் கொள்ளளவு தெரிவதற்காக, எடைபோட்ட மணலால் அதை நிரப்பினாள். கணக்கை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டாள்.

"தொண்ணூத்தெட்டரை!"

"அப்பாடா! கையெழுத்தைப் போடுங்கக்கா" என்றார் இன்ஜினியர்.

"இருங்க சார்." வீட்டுக்காரர் ரோலரிலிருந்து இறங்கி வந்தார். பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் வீசினார். அது இன்னொரு கோடியில் போய் விழுந்தது.

"அண்ணே, பாஸானதை எதுக்கு வம்புக்கு இழுக்குறீங்க? அங்க குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"குறைஞ்சா நான் கிளம்புறேன் சார். பொண்டாட்டி போட்ட மார்க்குன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது." பிறகு, இரண்டு நாளில் முதல்முறையாக, அவளைப் பார்த்தார். "எழுந்திரு. அங்கயும் தோண்டு."

அவள் உளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மணல் டப்பாவை அவரே தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.