அடுப்படியில் கண்விழித்த நண்டு

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதச் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் நடந்தது இது. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கணவருக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. மகன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். கீழே விட்டால் போதும், மறு நிமிடம் ஆளைக் காண முடியாது. கூப்பிட்டால் திரும்பி வரவும் மாட்டான். நாம் விளையாட்டுக் காட்டுகிறோம் என்று நினைத்து, கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டே இன்னும் தள்ளிப் போவான்.

மழை தொடங்கியதில் இருந்தே எனக்கு நெஞ்சுச் சளி, ஓயாத இருமல். கணவரின் தம்பி லாரி ஓட்டுகிறார். ஊட்டியில் கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வரை போய் வருவார். அந்தத் தடவை திரும்பும்போது எனக்கு ரசம் வைப்பதற்காக, கடலோரச் சேற்றில் பிடிக்கிற பெரிய நண்டாகப் பார்த்து மூன்று வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரியது. கொடுக்குகளை நைலான் கயிற்றால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"உயிர் நண்டுங்க அண்ணி. மத்தியானமே ரசம் வெச்சுக் குடிச்சுப்போடுங்க, இருமல் இருந்த எடம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த லோடு ஏற்ற ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார். சாக்கை அப்படியே வெளி வராந்தாவில் வைத்தேன். அங்கே அடிக்கிற குளிரில் தேங்காய் எண்ணெயே கல்லாகிவிடும்.

மத்தியானம் வேலையெல்லாம் முடித்துச் சாக்கைப் பிரித்தால், மூன்றும் விறைத்துக் கிடந்தன. கரண்டிக் காம்பால் தட்டினேன். கண்ணைத் தொட்டேன். அசைவே இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. எங்கள் மலைக்குக் கடலில் இருந்து எது வந்தாலும் ஐஸ் பெட்டியில் செத்துத்தான் வரும். தண்ணீரை விட்டு வந்தது இவ்வளவு நேரம் எப்படி உயிரோடு இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். குளிரில் மரத்துப் போயிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கழுவும்போது இடைஞ்சலாக இருக்குமே என்று கத்தரிக்கோலை எடுத்துக் கயிறுகளை நறுக்கிப் போட்டேன். மூன்றையும் அகலமான ஒரு பேசினில் போட்டு, வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த விறகடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

மகன் அடுத்த அறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. அடுப்பில் விறகு குறைந்திருந்ததால் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். நனையாத கட்டையாகத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வந்து விறகைக் கீழே போட்டதும் பேசினில் சரசரவென்று சத்தம். செத்துப்போனதாக நான் நினைத்த நண்டுகள் இரண்டு, கால்களை உதறிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவதைக் காணோம்.

அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன், விறகுச் சந்தில் பார்த்தேன். இல்லை. அப்போதுதான் தரையில் ஈரக் கோடு ஒன்று அடுத்த அறைப் பக்கம் போவதைக் கவனித்தேன். ஓடினேன். பாய் காலியாகக் கிடந்தது.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தரையோடு தரையாகப் படுத்து செல்போன் டார்ச்சை அடித்தேன். மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அந்த நண்டு நின்றது. கொடுக்கு இரண்டையும் விரித்துத் தூக்கியிருந்தது. வாயில் நுரை பொங்கியது. அதற்கு நேர் எதிரே என் மகன், புது விளையாட்டுச் சாமான் கிடைத்த சந்தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் இன்னும் முன்னால்தான் போவான். கத்தினால் மிரண்டு அதன் மேலேயே விழுவான். கட்டிலை நகர்த்தலாம் என்றால் அடியில் பெட்டிகளை அடைத்து வைத்திருந்தோம். இருமல் வேறு முட்டிக்கொண்டு வந்தது. இருமிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அட்டை கடித்தாலே ஊரைக் கூட்டுகிற ஆள் நான். ஆனால் அப்போது யோசிக்க நேரமில்லை. அவனுடைய பிஞ்சு விரலுக்கும் அந்தக் கொடுக்குக்கும் நடுவில் என் வலது கையைச் செருகினேன். பற்றிக்கொண்டது.

என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. இடது கையால் அவன் ஸ்வெட்டரைப் பிடித்து வெளியே இழுத்ததும், ஆள்காட்டி விரலில் நண்டு தொங்கத் தொங்க எழுந்து நின்றதும் மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். இலங்கைத் தோட்டத்தில் இருந்து வந்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் குடும்பம் அவர்களுடையது. காட்டெருமை எதிரே வந்தாலும் வெற்றிலை மென்றபடி ஒதுங்கி நிற்பவர், நண்டைப் பார்த்ததும் "ஐயோ, என்னா புள்ள இது!" என்று அலறிவிட்டார். அலறிக்கொண்டே அதைப் பிடித்து இழுக்கவும் செய்தார். உயிர் போய் உயிர் வந்தது.

"கொழுந்தனாருக்குப் போன் போடுங்கக்கா" என்று எப்படியோ சொன்னேன். சிக்னல் கிடைக்காமல் அக்கா வாசலுக்கு ஓடினார். அதற்குள் மகனை அள்ளி இடுப்பில் வைத்திருந்தார். அவன் வேறு வீறிட்டு அழுதான். ஒருவழியாக லைன் கிடைத்து, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க அண்ணி, இழுக்காதீங்க! இழுத்தா இன்னும் இறுக்கும். வாளித் தண்ணில கைய உட்டு ஆட்டாம வெச்சுக்கோங்க. அதுவே உட்டுரும்."

வாளியில் கையை விட்டேன். ஆட்டாமல் வைத்திரு என்று சொல்வது சுலபம். தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. அது விடவில்லை. விடவே விடாது, விரல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று இறுக்கம் தளர்ந்தது. நண்டு மெதுவாக வாளியின் அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஃபேக்டரியில் இருந்து கணவரும் பதறியடித்து வந்து சேர்ந்தார். என்ன கடித்தது என்று டாக்டர் கேட்டார். கடல் நண்டு என்றேன். "குன்னூர்லயா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். தையல் போட்டு, ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. "பெரியவங்க எலும்பே இப்படி ஆயிருக்குன்னா, குழந்தை விரல்..." என்று தொடங்கியவர், கணவரின் மடியில் இருந்தவனைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதுவரை வலியில் அழுதுகொண்டிருந்த நான், அப்போதுதான் பயத்தில் அழ ஆரம்பித்தேன். இரண்டு நர்ஸுகள் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அந்த நண்டுகளைக் கொழுந்தனார் வந்து எடுத்துப் போனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றும் அறியாத ஊமை ஜீவன். அதுவும் பயந்துபோய்த்தானே மூலையில் ஒதுங்கி நின்றது என்று பிறகு தோன்றியது. ஆனாலும் இன்றுவரை என்னால் நண்டு சாப்பிட முடியவில்லை.

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. தூக்கத்தில் அவன் அசையாமல் கிடந்தால், போர்வையை விலக்கிப் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். இந்தப் பயம் எப்போது போகும் என்று கணவர் கேட்கிறார். போகாமலே இருக்கட்டும், அன்றைக்கு என் கையை உள்ளே நீட்ட வைத்தது அதுதான்.