திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவள்

'தெரியாது' என்ற சொல் நூருல் அமீன் வாயிலிருந்து வந்ததை அந்தக் காலத்துச் சிராங்கூன் சாலையில் ஒருவரும் கேட்டதில்லை. மனிதர் பிழைப்புக்குச் சூலியா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். ஆனால் வருஷத்தில் ஒரு மாதம், தைப்பூசம் முடிந்து மழையும் ஓய்ந்ததும், மாட்டுக்கொட்டகைகளுக்குப் பக்கத்துத் திடலில் பயாஸ்கோப்புக் கூடாரம் எழும்பும். அந்த ஒரு மாதம் அவர்தான் ராஜா.

இப்போது படங்களுக்கு விழா எடுக்கிறோம் என்று ஊரெல்லாம் தட்டி வைக்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டிலும் ஒன்பதிலும் விழா என்றால் இந்தக் கூடாரம்தான். படம் பேசாது. ஆகவே திரைக்கு ஓரமாகப் பிரம்பும் கையுமாக ஒருவர் நின்று, யார் யாரை ஏன் துரத்துகிறார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். மௌலூது ஓதி ஓதிக் கணீரென்று ஆன குரல் அமீனுக்கு. அந்தி மஃரிபு தொழுதுவிட்டு வந்து நின்றாரென்றால் தமிழிலும் மலாயிலும் வெளுத்து வாங்குவார்.

அவருக்கு மட்டும் படம் புரிந்ததா என்று கேட்காதீர்கள். யாரும் அவருக்குக் கதை சொன்னதில்லை. வெள்ளைக்காரி அழுதால் மாமியார் கொடுமை, வெள்ளைக்காரன் ஓடினால் சொத்துத் தகராறு. நேற்றுச் சொன்ன கதை இன்று மறந்துவிட்டால் வேறு கதை சொல்வார். ஜனங்களும் புதுப்படம் என்று நினைத்து மறுபடி பார்ப்பார்கள்.

நாற்காலிகள் திரைக்கு முன்னால். அங்கே துரைமார்களும் தவுக்கே என்கிற சீன முதலாளிகளும். தரையில் விரித்த கோரைப் பாய்கள் திரைக்குப் பின்னால். அங்கே நம்மவர்கள். திரைத்துணியை நன்றாக நனைத்துவிட்டால் படம் மறுபக்கமும் ஊறித் தெரியும், ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். அதனால் என்ன? குதிரை எந்தப் பக்கம் ஓடினாலும் குதிரைதான்.

அந்த வருஷம் படம் ஓட்டுகிற பம்பாய்க்காரர் நம் ஊர்த் துறைமுகத்திலேயே ஒரு படம் பிடித்திருந்தார். கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிற காட்சி. கடைசியில் ஓர் ஆள் கொக்கியை ஓங்கி மூட்டையில் மாட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்த்தே நடந்து வருவான். பின்னால் சரக்குக் கிட்டங்கிச் சுவரில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகள். இந்தக் காட்சி வரும்போதெல்லாம் நாற்காலிப் பக்கம் சிரிப்பு எழும். தம் பேச்சைத்தான் துரைமார் ரசிக்கிறார்கள் என்று அமீன் இன்னும் நாலு வார்த்தை கூட்டிப் போடுவார்.

மூன்றாம் நாள் அந்த ஆள் நடந்து வந்தபோது பின்பக்கம் ஒரு பெண் அலறினாள். மறுநாள் காலையில் அவளே கடை வாசலில் வந்து நின்றாள். பூவம்மா என்று பெயர். மாட்டுக்கொட்டகையில் வேலை பார்க்கும் மருதப்பனின் தங்கை.

"பாய், அந்தப் படம் எப்ப புடிச்சது?"

"போன மாசம்தான் தங்கச்சி. ஓட்டுறவர்கிட்டயே கேட்டேன்." இது மட்டும் அவர் மெய்யாகவே கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

அவள் கையைக் கூப்பிவிட்டாள். "அப்போ எங்க வூட்டுக்காரவங்க உசுரோட இருக்காங்க."

அவள் புருஷன் மாணிக்கம் துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகில் சுமை ஏற்றுகிறவன். போன வருஷம் தொங்கான் கவிழ்ந்தது. நாலு உடல்கள் கரை சேர்ந்தன. அவன் உடல் கிடைக்கவில்லை. இவள் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். வியாழக்கிழமைக் கப்பலில் அவளை நாகப்பட்டினம் கூட்டிப்போக அண்ணன் ஏற்பாடு செய்துவிட்டான்.

"ஊருக்குப் போனா தாலிய அறுத்துருவாங்க பாய். அண்ணன் நான் சொன்னா கேக்காது. நீங்க படம் தெரிஞ்சவுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்."

"மூஞ்சி நல்லாத் தெரிஞ்சிச்சா?"

"மூஞ்சி மசமசன்னுதான் இருந்திச்சு. ஆனா கொக்கிய இடது கையில ஓங்குனாங்களே! சோத்துக்கு மட்டுந்தான் அவங்களுக்கு வலது. மத்ததுக்கெல்லாம் இடது. அவங்க ஆத்தா சின்னதுலயே கையக் கட்டிப்போட்டுப் பாத்தும் மாறல. கூட்டத்துல வேற யாரு இடது கையில கொக்கி புடிப்பா?"

அமீனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தமக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு ஒருவர் வந்து நிற்கும்போது சும்மா இருக்க அவரால் முடியுமா? தினமும் முன்பக்கம் நின்று பார்க்கிறவர் அவர். அந்த ஆள் கொக்கி ஓங்குவது வலது கையில்.

ஒரு முழம் மல் துணி எடுத்தார். நீலக் கட்டியால் வலது கையைத் தூக்கிய ஒரு மனிதனை அதில் வரைந்தார். துணியைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கம் அந்த மனிதன் இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நீ உக்காந்தது பின்னால தங்கச்சி. பின்னால பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும்."

பூவம்மா துணியை வாங்கி இப்படியும் அப்படியும் நாலு தரம் திருப்பினாள். "நான் கண்ணால பாத்தேனே," என்றாள்.

அன்று மாலை அண்ணனையும் அவளையும் நாற்காலிகளுக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் நிற்க வைத்தார். படம் ஓடியது. துரைமார் சிரித்தார்கள். அந்த ஆள் வலது கையில் கொக்கியை ஓங்கினான். மருதப்பன் பெருமூச்சு விட்டு, "பாத்துக்கிட்டியா?" என்றான். பூவம்மா அழவில்லை.

"இன்னொரு தரம் பின்னால போயி பாத்துட்டு வரட்டுமா பாய்?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்கும்மா வீணா? முன்னால தெரியிறதுதான் நெசம்," என்றார் அமீன்.

வியாழக்கிழமை கப்பல் போய்விட்டது. ஒரு பெண்ணை வீண் ஆசையிலிருந்து மீட்டுவிட்டோம் என்று அமீனுக்குக் கொஞ்சம் பெருமைகூட. யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

அந்த வருஷம் கடை முதலாளி அவரைத் துணிப் பொதிகள் பிரிக்கிற வேலைக்கு மாற்றினார். பொதிமேல் இங்கிலீஷில் அடித்திருக்கும் அடையாளங்களைப் படித்தாக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து ஏ, பி, சி கற்றுக்கொண்டார். அதுவரை எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளுக்கெல்லாம் முகம் வந்தது.

மறு வருஷம் மழை ஓய்ந்து கூடாரம் எழும்பியது. பழைய படங்களையும் கொண்டுவந்திருந்தார்கள். துறைமுகப் படம் வந்தது. அமீன் வழக்கம்போலப் பிரம்பைத் தூக்கினார். கிட்டங்கிச் சுவர் எழுத்துகளைப் படித்துக்காட்டி அசத்தலாம் என்று பார்த்தால், ஒன்றும் வாசிக்க வரவில்லை. முதல் எழுத்து பி போல இருந்தது, ஆனால் வயிறு இடது பக்கம் தள்ளியிருந்தது. அடுத்தது ஈ. அதன் பற்களும் தப்பான பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. நாற்காலிக்காரர்கள் சுவரைக் காட்டிச் சிரித்தார்கள். போன வருஷமும் இதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பம்பாய்க்காரரிடம் ஓடினார். அந்த மனிதர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். போன வருஷம் படச்சுருளில் அந்தத் துண்டை ஒட்டும்போதே முன்பக்கம் பின்பக்கமாக மாறிப்போய்விட்டதாம். அந்த ஒரு காட்சி மட்டும்தானாம். மூட்டைதானே இறங்குகிறது, இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம்.

மறுநாள் அந்தப் படம் ஓடும்போது அமீன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பாயில் உட்கார்ந்தார். சுவரில் எழுத்துகள் ஒழுங்காக நின்றன. அந்த ஆள் இடது கையில் கொக்கியை ஓங்கினான். அவள் பார்த்ததுதான் நிஜம்.

விடிந்ததும் மாட்டுக்கொட்டகைக்குப் போனார். தங்கையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியிருந்த மருதப்பன் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தான். அமீன் சொல்லி முடிக்கிற வரை தலையே நிமிரவில்லை.

"போயி எறங்குன பதினாறாம் நாளே எல்லாம் முடிஞ்சிருச்சு பாய்," என்றான். "தாலிய அறுக்க வந்தப்ப அது தடுக்கல. படம் தெரிஞ்ச பாயே சொல்லிட்டாருன்னு கழுத்த நீட்டிருச்சு."

அமீன் நேரே துறைமுகத்துக்குப் போனார். இடது கையில் கொக்கி பிடிக்கும் ஆளைப் பார்த்தீர்களா என்று தொங்கான் தொங்கானாகக் கேட்டார். இருந்தான் என்றார் ஒருவர், பினாங்குக்குப் போய்விட்டான் என்றார் இன்னொருவர். அது மலையாளத்து ஆள் என்றார் மூன்றாமவர். மாணிக்கம்தானா, வேறு எவனோ ஓர் இடக்கையனா? உயிரோடிருந்தவன் பெண்டாட்டியைத் தேடாமல் ஏன் இருந்தான்? ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி நடக்கையில் தம் வலது கையையும் இடது கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலையும் துறைமுகப் படம் வந்தது. கப்பல் வந்தது, மூட்டை இறங்கியது. அமீன் பிரம்பை ஊன்றிக்கொண்டு பேசாமல் நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"பாய், வாய மூடிக்கிட்டு நின்னா எப்படி லா? அந்த ஆளு யாரு?"

அந்த ஆள் மூட்டையோடு எல்லோரையும் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான்.

"தெரியாதுங்க," என்றார் நூருல் அமீன்.