மத்திகிரி அறையில் ஒரு மெட்டல் தகராறு

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு காலேஜ் பையன்கள். கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் மண்டை ஓடு. சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தது.

"டேய், அது த்ராஷ்டா."

"போடா, அது டெத் மெட்டல். உனக்குக் காது கேக்குதா இல்லியா?"

மத்திகிரி பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. விவாதம் முடியாததால் அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. எனக்குப் பழைய பாவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஆமாம், அடியேனும் ஒரு காலத்தில் ஹெவி மெட்டல் பாட்டுப் பேர்வழிதான். பத்திக்கு மேலே இருக்கும் வழுக்கைத் தலை போட்டோவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே தோள்வரை முடி இருந்தது.

அப்போது மத்திகிரியில் ஒரே அறையில் மூன்று பேர். நான் ஒரு ஃபேக்டரியில் டைம் ஸ்டடி. அதாவது, ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்ய எத்தனை நொடி எடுக்கிறது என்று ஸ்டாப் வாட்ச்சோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிற உத்தியோகம். கேன்டீனில் என் டேபிளில் யாரும் உட்காரமாட்டார்கள்.

இரண்டாவது ஆள் சங்கரபாண்டி, திருநெல்வேலிக்காரன். ஸ்டோர்ஸில் முதல் ஷிஃப்ட். மூன்றாவது மாதேஷ், அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம். வீட்டில் எல்லோரும் கூலி வேலை, இவன் மட்டும் இரும்புத் தகடு வெட்டும் ப்ரெஸ் ஷாப்புக்கு வந்துவிட்டான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான். எல்லோரும் அவனுக்கு 'குரு'தான், வீட்டுக்காரர் உள்பட.

பெங்களூர் பிளாட்பாரத்தில் நானும் சங்கரபாண்டியும் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையை வாங்கினோம். அட்டை இல்லை, நடுவில் நாலு பக்கமும் இல்லை. ஆனால் மெட்டலில் எத்தனை ஜாதி உண்டு என்று விலாவாரியாகப் போட்டிருந்தது. விடுவோமா? நம் ஊரில் ஜாதி பிரிக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

அக்காவின் லிப்ஸ்டிக்கைத் திருடிப் பூசிக்கொண்டு பாடினால் க்ளாம். தொண்டையில் மீன் முள் சிக்கினவன் பாடினால் டெத். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில் வாசித்தால் த்ராஷ். பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி நடக்கிற வேகத்தில் வாசித்தால் டூம். இதில் எதிலும் சேராதது வெறும் ஹார்ட் ராக் – அதைக் கேட்பவர்களோடு நாங்கள் அன்னம் தண்ணி புழங்கமாட்டோம்.

மாதேஷ் முதல் நாள் எங்கள் டேப் ரெக்கார்டரில் மெட்டலைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "எங்க ப்ரெஸ் ஷாப்பு சத்தத்துல இது பாதி கூட இல்லியே குரு."

ஆனால் மறுநாளே இரண்டு காலி ஆயில் டின்னும் ஒரு பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்து, தட்ட ஆரம்பித்தான். தட்டினான் என்றால்... நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். அது அபூர்வம். நாள் முழுக்க ப்ரெஸ் மிஷின் தாளத்தில் வேலை செய்த கை அது. ஒரு அடி பிசகவில்லை.

பெங்களூரில் நாங்கள் கேசட் பதியும் கடையில் ஒரு நாள் 'டிரம்மர் தேவை' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காலேஜ் பையன்கள் நாலு பேர் நடத்தும் பேண்ட். மாதேஷ் கடைக்காரரிடம் பேர் கொடுத்தான். அவர்கள் சொந்தமாகப் பதிவு செய்த மூன்று பாட்டுகளை ஒரு கேசட்டில் கொடுத்தனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வந்து வாசித்துக் காட்டவேண்டும்.

"இது கெடைக்கணும் குரு," என்றான் அன்று. "எங்க லைன்ல மூணு பேருக்கு வெரல் இல்ல. எனக்குப் பத்து வெரலும் இருக்கும்போதே எதனா பண்ணிடணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படியாவது அவனை அந்த டிரம்மர் ஸ்டூலில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். அங்கேதான் சனியன் பிடித்தது.

"எலே, இது சுத்தமான த்ராஷ்லே," என்றான் சங்கரபாண்டி, அந்த கேசட்டைக் கேட்டுவிட்டு. "கேக்கும்போதே கால் தன்னால ஆடுதுல்லா?"

எனக்குக் கால் ஆடவில்லை. நான் கேட்டபோது பாட்டு எருமை மாதிரி அசைந்து அசைந்து போனது. பாடகனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. டூம் என்றேன். சந்தேகமே வேண்டாம், டூம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஃபேக்டரி ஸ்டாப் வாட்ச்சை எடுத்துவந்து, நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, டைம் ஸ்டடி ஷீட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அளந்து சொன்ன பிறகு அப்பீல் ஏது?

மாதேஷுக்கு உள்ளூரச் சந்தேகம். "கொஞ்சம் சுருக்கா அடிச்சா நல்லாருக்குமோ குரு?"

"கூடாது. ஓடாதே. டூம் என்றால் நிதானம்," என்றேன்.

நான் டிப்ளமோ படித்தவன், பாருங்கள். அவன் நம்பினான். மூன்று வாரமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, என் மேற்பார்வையில், நிதானமாக அடித்தான்.

பெங்களூரில் ஒரு பங்களாவின் கார் ஷெட். நானும் கூடப் போனேன், பெண் பார்க்கப் போகிற மாமன் மாதிரி. கிடார்க்காரப் பையன் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்றான்.

அவ்வளவுதான். நாலு பேரும் நாலு கால் பாய்ச்சலில் கிளம்பிவிட்டார்கள். மாதேஷ் மட்டும் நடந்துகொண்டிருந்தான்.

பாட்டு நின்றது. "ஏன் பாஸ் இவ்வளவு ஸ்லோ?"

மாதேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது டூம்தானே?" என்றேன்.

பாடகன் சிரித்தான். கீச்சுக் குரல். கிணறுமில்லை, ஒன்றுமில்லை! கேசட்டை வாங்கித் தங்கள் டெக்கில் போட்டார்கள். பாட்டு பறந்தது. பாடகனின் கீச்சுக் குரலும் சேர்ந்து பறந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரி!

முன்னால் குடியிருந்தவர்கள் ஹீட்டர் போட்டுக் கரண்ட் பில்லை ஏற்றிவிட்டதால், எங்கள் வீட்டுக்காரர் பிளக் பாயின்ட்டை மரக்கட்டை வைத்து அடைத்திருந்தார். டேப் ரெக்கார்டர் ஓடியதெல்லாம் பேட்டரியில். புதுசு வாங்கச் சோம்பேறித்தனம். பழசையே தினமும் மொட்டை மாடியில் வற்றல் மாதிரி வெயிலில் காயவைப்போம், கொஞ்சம் உயிர் வரும். முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வரும் சங்கரபாண்டி சூட்டோடு சூடாக அதைப் போட்டுக் கேட்பான். ஆறு மணிக்கு மாதேஷும் நானும் வருவதற்குள் பேட்டரி செத்துக்கொண்டிருக்கும். மோட்டார் இழுக்கும். பாட்டும் இழுக்கும், குரலும் இழுக்கும். அந்த பேண்டை முன்னே பின்னே கேட்டிருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? ஒரே கேசட், மூன்று மணிக்கு த்ராஷ், ஆறு மணிக்கு டூம். இரண்டு பேரும் கேட்டதைத்தான் சொன்னோம். கேட்டது எதில் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மாதேஷ் மறுபடி முயன்றான். மூன்று வாரம் பழகிய கை, சட்டென்று ஓடுமா? குச்சி நழுவிக் கீழே விழுந்தது. பையன்கள் மரியாதையாகவே, "லெட்டர் போடறோம்" என்றார்கள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று இன்டர்வியூ போன எவனுக்கும் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான், பக்கத்தில் நான். எனக்கு அழுகை முட்டியது. அவன் கேட்டது ஒரே ஒரு ஸ்டூல். அதை நான் அளந்தே கெடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்ததும் வந்தது என்ன தெரியுமா? "டெக்னிக்கலா பார்த்தா மாதேஷ், நீ வாசிச்சதும் ஒரு வகை மெட்டல்தான்..."

"சும்னிரு குரு," என்றான். கன்னடம் தெரியாதவர்களுக்கும் அது புரிந்திருக்கும்.

அறைக்கு வந்ததும் சங்கரபாண்டி, "நாந்தான் அப்பவே த்ராஷ்ன்னு சொன்னம்லா" என்று ஆரம்பித்தான். மாதேஷ் கேசட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதன்பிறகு அவன் எங்களோடு சோறு, தண்ணி, ஓவர்டைம் எல்லாம் பேசினான். மெட்டல் மட்டும் பேசவில்லை. தெருமுனை சலூனில் கரண்டில் ஓடும் டேப் ரெக்கார்டர் இருந்தது. சவரத்துக்கு ஆள் இல்லாத நேரமெல்லாம் அங்கே உட்கார்ந்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தான் என்பதும், பையன்கள் லெட்டர் போடாமலே அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த கார் ஷெட் வாசலில் போய் நின்றான் என்பதும், எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தால் உதவி செய்கிறோம் என்று கிளம்பிவிடுவோமே.

ஒரு நாள் சாயங்காலம் ஆளுக்கொரு டிக்கெட் நீட்டினான். பெங்களூரில் காலேஜ் விழா, மெட்டல் கச்சேரி. டிரம்ஸ், மாதேஷ்.

சங்கரபாண்டி இரண்டு டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்று மேடைக்கு நேர் முன்னால். இன்னொன்று பால்கனியில், கடைசி வரிசை.

"ஏம்லே, ரெண்டும் தனித்தனியா இருக்கு?"

"பக்கத்துல பக்கத்துல உக்காந்தா நீங்க பேசுவீங்க குரு," என்றான் மாதேஷ். "பேசுறதுக்கு ரூம் இருக்குது. அங்க வந்து சும்மா கேளுங்க."

எனக்குப் பால்கனி.