ஜாக்குலின் போட்ட பச்சை வளையல்

முகையூர்ப் பக்கம் எந்த வீட்டில் வளைகாப்பு நடந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியர் ஜாக்குலின் ஆஜர். அழைத்தார்களா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கலந்த சாதம் எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்பார். பிறகு தன் பங்குக்கு ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கர்ப்பிணியின் கையில் போட்டுவிடுவார். சாப்பாட்டுக்குத்தான் வருகிறார் என்று ஊரே கிண்டலடிக்கும். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

ஆனால் அந்த வளையல் சும்மா இல்லை. அடுத்தமுறை பார்க்கும்போது முதல் வேலையாக அதை உருட்டிப் பார்ப்பார். லேசாகச் சுற்றினால் சிரிப்பு. சுற்றாவிட்டால் கை வீங்குகிறது என்று பொருள். உடனே பையிலிருந்து பிபி மிஷின் வெளியே வரும்.

இசைவாணிக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. தாய்வீட்டில் ஓடு மாற்றும் வேலை முடியாததால், பத்து நாள் கழித்துத்தான் அம்மா குப்பம்மாள் திண்டிவனத்திலிருந்து அழைத்துப்போக வந்தார். பஸ் ஸ்டாப்பில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, நிறைந்த பையோடு நின்ற இருவரையும் கண்டு ஜாக்குலின் ஸ்கூட்டியை நிறுத்தினார். பச்சை வளையலைப் பிடித்தார். அசையவில்லை.

"பாத்தீங்களா நர்சம்மா, பொண்ணு எப்புடி பூசினாப்புல ஆயிட்டா! வளையலு கை நெறஞ்சி கெடக்குது." குப்பம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"தலைவலி இருக்குதா வாணி?"

"மூணு நாளா இருக்குது. வெயிலுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அங்கேயே பிபி பார்த்தார். நூற்று எழுபது. வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடலாம். 108க்குப் போன் போட்டு முடிப்பதற்குள் பஸ் வந்து நின்றது.

குப்பம்மாள் மகளை இழுத்தார். "ஆஸ்பத்திரியில வளையல ஒடச்சிடுவாங்க. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி ஒடையக் கூடாது, வுடுங்க நர்சம்மா."

ஜாக்குலின் பஸ் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். தாராளமான உடம்பு, ஒரு ஈ உள்ளே போக முடியாது. கண்டக்டர் விசிலடித்து ஓய்ந்தார். "ஒண்ணுகூட ஒடையாது யக்கா, நான் கேரண்டி. நானும் வர்றேன். ஆம்புலன்ஸ் வந்திச்சின்னா ஜல்தி ஏறுங்க!"

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சோப்பு நுரை தடவி ஒவ்வொரு வளையலாக அவரே கழற்றினார். ஒன்றும் உடையவில்லை. பச்சை மட்டும் வர மறுத்தது, அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது.

பிரசவம் பார்த்தவருக்கே வளைகாப்பு வளையல்களைக் கொடுப்பது குப்பம்மாள் வீட்டு வழக்கம். இரண்டு வாரம் கழித்து மூட்டையோடு வந்துவிட்டார். பிரசவம் பார்த்தது டாக்டர் என்று ஜாக்குலின் சொன்னது காதில் ஏறவில்லை. மூட்டையைப் பிரித்தால், மேலேயே பச்சை வளையல்.

"நேத்து புள்ளைக்குப் பால் குடுத்துக்கினு இருக்கும்போது தானா கழண்டு வுழுந்திச்சி நர்சம்மா" என்று சிரித்தார் குப்பம்மாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.