வெறும் பெட்டிக்குள் நீல லைற்

போன திங்கட்கிழமை என்னுடைய கைவேலையை ஒரு ஃபைலுக்குள் பார்த்தேன். பெருமைப்பட்டிருக்கவேண்டிய விஷயம். வெட்கப்பட்டதுதான் மிச்சம்.

மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோர். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள் — எல்லாவற்றிலும் அதே கதிரை, அதே அலுமாரி, அதே 'நாளைக்கு வாங்கோ'. என்னோடு ஆக்னஸ் ரீச்சர் வந்திருந்தார். முள்ளிக்குளம் போகிற பாதையில் உள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தின் கணினி நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நியமிக்கப்பட்டவர். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் கணினி படித்தவர். நியமனம் கிடைத்து எட்டு மாதம். ஒரு வகுப்புக்கூட நடக்கவில்லை. காரணம் எளிது. கிராமத்துக்குக் கரண்ட் இல்லை.

கரண்ட் கேட்டு எழுதிய நாலாவது கடிதத்துக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கத்தான் போயிருந்தோம். கிளாக்கர் ஃபைலை விரித்தார். ஒரு போட்டோவை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"உங்கட நிலையத்தில லைற் எரியுதுதானே ரீச்சர்? பிறகேன் கரண்ட் கேட்டு எழுதுறீங்கள்?"

படத்தில் ஒரு கணினிப் பெட்டி. உள்ளே நீல வெளிச்சம். அதன் சுவிச்சில் ஒரு பெரிய மனிதரின் விரல். பக்கத்தில், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நான்.

அந்த வெளிச்சம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எழுத்து எனக்குச் சோறு போடுவதில்லை என்பது இந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பேசாலையில் ஃபைபர் மீன்பிடி வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவதும், லைற்றுக்கு வயர் இழுப்பதும்தான் என் பிழைப்பு. ஒரு உதவி நிறுவனம் ரீச்சரின் கிராமத்துக்குக் கணினி ஒன்று கொடுத்தது. லொறியில் வருகிற வழியில் அதன் தகரப் பெட்டி நசுங்கிப்போனது. நல்லகாலம், உள்ளே இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பெட்டிதானே, நான் செய்து தாறன்" என்று வாயைக் கொடுத்தேன்.

வள்ளம் ஒட்டும் அதே ஃபைபரில் ஒரு பெட்டி செய்து, கணினியின் உறுப்புகளை அதற்குள் மாற்றினேன். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காது. ஒரு பக்கத்தில் உள்ளே தெரிகிற மாதிரிப் பிளாஸ்ரிக் தகடு. அதோடு நிறுத்தியிருக்கலாம்... கொழும்பில் ஒரு கடையில் உள்ளே நீல லைற் எரியும் கணினிப் பெட்டி ஒன்றைப் பார்த்திருந்தேன். அந்த ஆசை விடவில்லை. பெட்டியின் உள்விளிம்பைச் சுற்றி எல்.ஈ.டி. பட்டி ஒட்டினேன். முன்பக்கத்தில் வள்ளத்துச் சுவிச் ஒன்று.

பிழை விட்டது இங்கேதான். விஷயம் தெரிந்தவர்கள் இந்த லைற்றுக்குக் கணினியின் பவர் சப்ளையில் இருந்தே வயர் எடுப்பார்கள். கணினி ஓடினால் லைற் எரியும், ஓடாவிட்டால் எரியாது. நானோ கடல் வயரிங் பழகியவன். நாங்கள் வள்ளத்து லைற்றை எஞ்சினோடு கொழுவுவதில்லை. அதற்கென்று தனிப் பற்றரி. நடுக்கடலில் எஞ்சின் நின்று, லைற்றும் நின்றால் என்ன ஆகும்? இருட்டில் வருகிற அடுத்த வள்ளம் எங்கள்மேல் ஏறிவிடும். எஞ்சின் போனாலும் லைற் நிற்கக்கூடாது — எங்கள் கரையில் அதுதான் சட்டம். கை யோசிக்காமலே அதைச் செய்தது. பெட்டியின் அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியை வைத்து, லைற்றை அதில் கொழுவினேன். ரீச்சருக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு விளக்கவுரையும் நடத்தினேன்.

திறப்பு விழா நாள் வந்தது. வருவதாகச் சொன்ன கரண்ட் சந்தியோடு நின்றுவிட்டது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார். மைக்செட்காரரின் ஜெனரேட்டரில் கணினியைக் கொழுவலாமா என்று கேட்டேன். "ஐயோ அண்ணை, இது ஒரு சீரா ஓடாது, கொம்பியூட்டர் எரிஞ்சுபோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாடா வெட்டியாகிவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சேர், இந்தச் சுவிச்சை அமத்துங்கோ" என்றேன்.

அமத்தினார். நீல வெளிச்சம். கைதட்டல். போட்டோ. திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் திரையை யார் பார்த்தார்கள்? ரீச்சர் பார்த்தார்.

"அண்ணை, இது பொய்யெல்லோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கிழமையில கரண்ட் வந்திடும் ரீச்சர்" என்றேன்.

எட்டு மாதமும் அந்த நிலையத்தில் நடந்தது இதுதான்: பிள்ளைகள் வருவார்கள், சுவிச்சை அமத்துவார்கள், நீல வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். பற்றரிக்கு மட்டும் நான் தவறாமல் பேசாலையில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன்.

சரி, கந்தோருக்கு வருவோம். "அது பற்றரி லைற் ஐயா. கொம்பியூட்டர் ஒரு நாளும் ஓடேல்லை" என்றேன்.

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, அண்டைக்குத் திறந்து வைச்சது பொய்யெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. நான் ஃபைலில போட்டு மேல அனுப்புறன்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

அவர் கெட்டவர் இல்லை. வழி ஒன்று காட்டினார். ரீச்சரின் கைப்பையில் இன்னொரு கடிதம் இருந்தது, உதவி நிறுவனம் அனுப்பியது. வெள்ளிக்கிழமைக்குள் கரண்டுக்கு ஒரு முடிவு கிடைக்காவிட்டால் கணினியை வேறு கிராமத்துக்குக் கொண்டுபோவார்களாம். ரீச்சருடைய வேலையும் அதோடு போகும். ஒரு மேசை சொல்கிறது: லைற் எரிகிறது, ஆகவே கரண்ட் இல்லை. இன்னொரு மேசை சொல்கிறது: கரண்ட் இல்லை, ஆகவே கணினி இல்லை. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு மனுஷி.

பேனையை எடுத்தேன். பெரிய மனிதரின் பெயர் வரவேண்டிய இடத்தில் கை நின்றது. யுத்த காலத்தில் கண்ட தாளிலும் கையெழுத்து வைத்து இழுபட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்... இது காரணமா, சாட்டா? இப்போது யோசித்தால் சாட்டுத்தான். பொய்க்குத் துணைபோனவன் என்று அந்தத் தாளில் என் பெயரும் வருமே — என் பயம் அதுதான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரையே கிழிக்கிறவனின் வீரம் இவ்வளவுதான்.

"நாளைக்கு வடிவா எழுதிக்கொண்டு வாறன்" என்றேன்.

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. புதனும் போகவில்லை. வியாழக்கிழமை ஒரு வள்ளத்துக்கு அவசர வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் வாகனம் வந்துவிட்டது.

ரீச்சர் போன் எடுத்துச் சொல்லி, நான் போய்ச் சேர்ந்தபோது திரையும் கீபோர்ட்டும் உள்ளே இருந்த அத்தனையும் வாகனத்தில் ஏற்றப்பட்டுப் போய்விட்டன. பெட்டியை மட்டும் மேசையில் விட்டிருந்தார்கள். "இது எங்கட லிஸ்ரில இல்லை" என்றாராம் வந்தவர். உண்மைதானே? அது என்னுடைய கைவேலை.

ரீச்சர் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கையை நீட்டிச் சுவிச்சை அமத்தினார். வெறும் பெட்டிக்குள் நீல வெளிச்சம் பளிச்சென்று வந்தது.

"நீங்கள் சொன்னபடிதான் அண்ணை. எஞ்சின் போயிட்டுது. லைற் நிக்கேல்லை."

கந்தோரில் கேட்ட கடிதத்தை இன்றைக்குத்தான் எழுதி முடித்தேன். நீங்கள் இப்போது வாசித்தது அதுதான்.